பழைய பேஸ்பால் கார்டு சேகரிப்பு: தொடங்குகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

"பழைய கார்டு" என்றால் எந்த ஆண்டு வரை?

கறாரான எல்லை கிடையாது. 1941 வரை வந்தவற்றைப் போருக்கு முந்தியவை என்பார்கள். 1948-ல் போமன் நிறுவனம் பபுள்கம்மோடு கார்டு தரத் தொடங்கியதிலிருந்து 1970-கள் வரை வந்தவை போருக்குப் பிந்தியவை. கோட்டைச் சிலர் 1973-ல் கிழிப்பார்கள், டாப்ஸ் நிறுவனம் தன் கார்டுகளைத் தவணை தவணையாகக் கடைக்கு அனுப்பிய கடைசி ஆண்டு அதுதான். பலர் 1980 வரை நீட்டுவார்கள். 1981-ல் ஃபிளீர், டான்ரஸ் என்ற இரண்டு போட்டியாளர்கள் களத்தில் இறங்கினார்கள். அடுத்த பத்து ஆண்டுகளில் கார்டுகளை அளவில்லாமல் அச்சடித்துத் தள்ளினார்கள். அதனால்தான் 1988-ல் வந்த ஒரு பெட்டி, வயது முப்பத்தைந்தைத் தாண்டியும், பெரும்பாலும் விலைபோகாமல் கிடக்கிறது. வயது மட்டும் ஒரு கார்டுக்கு மதிப்பைத் தந்துவிடாது.

இவை முதலில் எதோடு வந்தன?

சிகரெட்டோடு. மெல்லிய பாக்கெட் நசுங்காமல் இருக்க உள்ளே செருகிய அட்டையில் படம் அச்சடித்தார்கள். 1887-ல் தொடங்கிய ஓல்டு ஜட்ஜ் கார்டுகள் அப்படி வந்தவை. 1909 முதல் 1911 வரை அமெரிக்கன் டொபாக்கோ நிறுவனம் தன் பல சிகரெட் வகைகளோடு வெளியிட்டதுதான் டி206 செட். பின்பக்கத்தில் பீட்மான்ட், ஸ்வீட் கேப்போரல், சாவரின் என்று பெரும்பாலும் ஏதாவது ஒரு சிகரெட்டின் விளம்பரம் இருக்கும்.

பிறகு மிட்டாய்க்காரர்கள் வந்தார்கள். 1914-லும் 1915-லும் கிராக்கர் ஜாக் என்ற பாகு பூசிய சோளப்பொரிப் பெட்டிக்குள் கார்டு இருந்தது. 1914 செட்டில் 144 கார்டுகள், 1915-ல் 176. இரண்டும் பார்க்க ஒன்றுபோல் இருக்கும். பிரித்தறிய முன்பக்கத்திலிருந்து பின்பக்கத்துக்குத் திருப்பிப் பாருங்கள்: 1915 கார்டில் பின்பக்க எழுத்து தலைகீழாக வரும். 1915-ல் முழு செட்டையும் தபாலில் வாங்க வழி இருந்ததால் பாகுக்கறை இல்லாத கார்டுகள் அந்த ஆண்டிலிருந்துதான் அதிகம் மிஞ்சியிருக்கின்றன.

1933-ல் கௌடி, 1939 முதல் 1941 வரை பிளே பால் என்று பபுள்கம் காலம் வந்தது. போர் அதை நிறுத்தியது. 1948-க்குப் பிறகு போமன், லீஃப், 1951-லிருந்து டாப்ஸ். 1956-ல் டாப்ஸ் போமனையே விலைக்கு வாங்கியது. அதன் பிறகு 1980 வரை பெரும்பாலும் டாப்ஸ் ராஜ்யம்தான்.

டி206, என்172, ஆர்319 என்கிறார்களே, அந்த எழுத்துகள் என்ன?

நியூயார்க் மாநிலத்தின் சிரக்யூஸ் நகரில் வாழ்ந்த ஜெஃபர்சன் பர்டிக் என்ற சேகரிப்பாளர் 1930-களின் இறுதியில் அமெரிக்கக் கார்டுகளுக்கெல்லாம் ஒரு பட்டியல் தயாரித்தார். "என்" என்றால் 19-ஆம் நூற்றாண்டுப் புகையிலைக் கார்டு. "டி" 20-ஆம் நூற்றாண்டுப் புகையிலை. "ஈ" ஆரம்பகால மிட்டாய். "ஆர்" 1930-களிலிருந்து வந்த பபுள்கம் வகை. "டபிள்யூ" நீளப் பட்டையாக விற்றுக் கத்தரித்துக்கொண்ட மலிவு வகைகள் முதலியவை. ஓல்டு ஜட்ஜ் என்172, 1933 கௌடி ஆர்319. டாப்ஸ் கார்டுகளுக்கு இந்த எண் தேவைப்படுவதில்லை. ஆண்டையும் கார்டு எண்ணையும் சொன்னால் போதும்.

முதலில் எதைச் சேர்ப்பது?

தொடங்குகிறவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இது. பெரும் புகழ்பெற்ற வீரர்களின் கார்டுகளில் ஆண்டுக்கு ஒன்றாக வாங்கிக்கொண்டே போவதுதான் எல்லோருக்கும் தோன்றும் வழி. அதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. பத்து வெவ்வேறு செட்டிலிருந்து பத்து கார்டு வைத்திருப்பவர் எந்தச் செட்டின் அட்டையையும் அச்சையும் கையால் பழகியிருக்க மாட்டார். போலியும் சீவலும் (ஓரத்தை வெட்டிக் கூராக்கிய கார்டு) ஏமாற்றுவது அவரைத்தான். விலை உயர்ந்த கார்டுகளில்தான் போலியும் அதிகம்.

ஒரே ஓர் ஆண்டின் ஒரே ஒரு செட்டை எடுங்கள். அதில் புகழ்பெறாத சாதாரண வீரர்களின் கார்டுகளை நடுத்தர நிலையில் 50 வாங்குங்கள். 1960-களின் டாப்ஸ் என்றால் ஒவ்வொன்றும் சில டாலர்தான் ஆகும். அந்த ஐம்பதையும் எண்ணிப் பாருங்கள், அளந்து பாருங்கள், விளக்கில் காட்டிப் பாருங்கள். அதற்குப் பிறகு அதே செட்டின் பெரிய பெயரைத் தேடிப் போங்கள்.

எந்தச் செட்? எங்கள் விருப்பம் 1956 டாப்ஸ். மொத்தம் 340 கார்டுகள். ஒவ்வொன்றிலும் வீரரின் முகம் ஒரு பக்கம், ஆடும் காட்சி பின்னணியில். டெட் வில்லியம்ஸ், மிக்கி மேண்டில், ஜாக்கி ராபின்சன், ஹாங்க் ஆரன், ராபர்ட்டோ கிளெமென்டே, சாண்டி கோஃபாக்ஸ் எல்லோரும் உண்டு. கையைக் கடிக்கும் அளவுக்கு அரிதான கடைசித் தவணை இதில் இல்லை. முதல் 180 கார்டுகள் பின்பக்க அட்டை சாம்பல் நிறத்திலும் வெள்ளை நிறத்திலும் வந்தன. அட்டையின் வேறுபாட்டைக் கண்ணுக்குப் பழக்க நல்ல பாடம்.

340 அதிகம் என்றால் ஓர் அணியை மட்டும் எடுக்கலாம். 1950-களின் செட் ஒன்றில் ஓர் அணிக்குச் சுமார் 20 கார்டு வரும், சில மாதங்களில் முடிக்கலாம். நியூயார்க் யாங்கீஸ் அணியைத் தேர்ந்தால் மேண்டில் வந்து பணப்பையைக் காலி செய்வார் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். பெரிய பெயர் இல்லாத அணிகளில் நிம்மதி அதிகம்.

நூறு ஆண்டுக்கும் மேல் பழையதுதான் வேண்டும் என்பவர்களுக்கு டி206 நல்ல தொடக்கம். ஹோனஸ் வாக்னர் கார்டு 2022-ல் 72.5 லட்சம் டாலருக்குக் கைமாறியதைக் கேட்டு மிரண்டுபோகிறார்கள். ஆனால் அதே செட்டின் சாதாரண வீரர்கள், முனை மழுங்கி ஒரு மடிப்பு விழுந்த நிலையில், சில பத்து டாலர்களுக்கு இன்றும் கிடைக்கிறார்கள். ஏராளமாக அச்சடித்த செட் அது.

1952 டாப்ஸை முதல் செட்டாக எடுக்க வேண்டாம். ஏன் என்பது அடுத்த பதிலில்.

ஒரே செட்டில் யாரும் அறியாத வீரரின் கார்டு ஏன் பத்து மடங்கு விலை?

தவணைதான் காரணம். டாப்ஸ் முழு செட்டையும் ஒரே நாளில் வெளியிடவில்லை. ஏப்ரல் வாக்கில் முதல் எண்கள், பிறகு அடுத்தவை என்று போகும். கடைசித் தவணை கடைக்கு வரும்போது பேஸ்பால் பருவம் முடியும் தறுவாய், பிள்ளைகளின் கவனம் அமெரிக்கக் கால்பந்துக்குப் போய்விடும். கடைக்காரர்கள் குறைவாகவே வாங்கினார்கள், டாப்ஸும் குறைவாகவே அச்சடித்தது.

1952 செட்டில் 407 கார்டுகள். அதில் 311 முதல் 407 வரை இந்தக் கடைசித் தவணை. மிக்கி மேண்டில் 311-ஆம் எண். விற்காமல் கிடங்கில் கிடந்த கடைசித் தவணைப் பெட்டிகளை 1960-ல் படகில் ஏற்றி அட்லாண்டிக் கடலில் கொட்டியதாக அந்தச் செட்டை வடிவமைத்த சை பெர்கரே பின்னாளில் சொன்னார். அந்த மேண்டில் கார்டு ஒன்று 2022-ல் 1 கோடியே 26 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. அதே தவணையில் இருக்கும் பெயர் தெரியாத வீரருக்கும் நூற்றுக்கணக்கில் கேட்பார்கள். 97 கார்டு அந்த விலையில் என்றால் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

1957-ல் மட்டும் இடக்கு நடுவில் இருக்கிறது: 265 முதல் 352 வரையிலான நான்காம் தவணைதான் அரிது. 1967-ல் 534 முதல் 609 வரை. டாம் சீவரின் முதல் கார்டு (581) அதற்குள்தான் இருக்கிறது. 1972-ல் 657 முதல் 787 வரை. ஒரு செட்டைத் தொடங்கும் முன் அதன் அரிய தவணை எது என்று பார்த்துவிட்டு, கிடைக்கும்போது அவற்றை முதலில் வாங்குங்கள். சுலபமானவை எப்போதும் கிடைக்கும். பலர் தலைகீழாகச் செய்து முக்கால் செட்டில் நின்றுபோகிறார்கள்.

இன்னொரு காரணமும் உண்டு. பிள்ளைகள் கார்டுகளை எண் வரிசைப்படி அடுக்கி ரப்பர் பேண்ட் போட்டார்கள். மேலே இருந்த 1-ஆம் எண்ணும் அடியில் இருந்த கடைசி எண்ணும் நைந்துபோயின. 1952-ன் முதல் கார்டான ஆண்டி பாஃப்கோ நல்ல நிலையில் கிடைத்தால் விலை எகிறுவது அதனால்தான்.

1933 கௌடி வேறு கதை. செட் 240 என்று சொல்லிவிட்டு 106-ஆம் எண்ணை அந்த ஆண்டு வெளியிடவேயில்லை. குறை சொல்லி எழுதியவர்களுக்கு மறு ஆண்டு நாப் லாஜோய் படத்தை அந்த எண்ணில் அச்சடித்துத் தபாலில் அனுப்பினார்கள். அதனால் அந்தச் செட்டை 239-ல் முடித்துக்கொள்வது கௌரவமான வழக்கம்.

கார்டின் நிலையை எப்படிப் பார்ப்பது?

நேராகப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. மேசை விளக்கின் கீழ் கார்டை ஓரங்களில் மட்டும் பிடித்து, கண் மட்டத்தில் மெதுவாகச் சாய்த்துப் பாருங்கள். மெல்லிய சுருக்கங்கள் அப்போதுதான் ஒளியில் கோடாகத் தெரியும். பின்பக்கத்தையும் அப்படியே பாருங்கள், பல சுருக்கங்கள் பின்பக்கத்தில் மட்டும் இருக்கும். பிறகு நான்கு முனைகள். பிறகு நான்கு பக்க வெள்ளை ஓரங்களின் அகலம்: இடமும் வலமும் சமமா, மேலும் கீழும் சமமா? இடப்பக்கம் 7 பங்கு, வலப்பக்கம் 3 பங்கு என்றால் 70/30 என்று எழுதுவார்கள். பின்பக்கத்தில் பபுள்கம் ஒட்டிய பழுப்புக்கறை, உறையின் மெழுகுக்கறை, பேனாக் குறி, ஆல்பத்தில் ஒட்டிக் கிழித்த தாள் இழப்பு இவற்றைப் பாருங்கள்.

நிலைகளை 1 முதல் 10 வரை எண்ணால் குறிப்பார்கள். பெயர்கள் தொடங்குகிறவர்களை ஏமாற்றும். "குட்" என்பது வெறும் 2. "வெரி குட்" 3. "எக்ஸலண்ட்" 5. "நியர் மின்ட்" 7. "மின்ட்" 9. "குட் கண்டிஷன்" என்று யாராவது விற்றால், மடிப்பு விழுந்து முனை உருண்ட கார்டு என்று பொருள்.

எந்தக் குறையைப் பொறுக்கலாம்?

உருண்ட முனையைத் தயங்காமல் பொறுக்கலாம். பிள்ளைகளின் கையில் புழங்கிய கார்டுக்கு அது இயல்பு, கண்ணையும் உறுத்தாது. பின்பக்க மெழுகுக்கறையும் பரவாயில்லை. முகத்தின் குறுக்கே போகும் மடிப்பு, முன்பக்கத் தாள் இழப்பு, படம் ஒரு பக்கம் ஒட்டிக்கொண்டு நிற்பது ஆகியவற்றைத் தவிருங்கள். எண் 3 போட்ட கார்டுகளில் ஒன்று அழகாகவும் ஒன்று அருவருப்பாகவும் இருக்கும். விலை ஏறத்தாழ ஒன்றுதான். பொறுமையாகத் தேடி அழகானதை எடுங்கள். பழைய கார்டில் செலவில்லாமல் கிடைக்கும் ஒரே லாபம் இது.

தர மதிப்பீடு செய்து பெட்டியில் அடைத்த கார்டா, வெறும் கார்டா?

பி.எஸ்.ஏ., எஸ்.ஜி.சி., பெக்கெட் ஆகியவை கார்டைச் சோதித்து, எண் கொடுத்து, கெட்டியான பிளாஸ்டிக் பெட்டியில் அடைத்துத் தரும் நிறுவனங்கள். இந்தப் பெட்டியை ஸ்லாப் என்பார்கள். மதிப்பீட்டுக் கட்டணமும் இருவழித் தபால் செலவும் சேர்ந்தால் மலிவான கார்டின் விலையைத் தாண்டிவிடும். ஆகவே சாதாரணக் கார்டுகளை வெறுமனே வாங்குங்கள். நூறு, இருநூறு டாலரைத் தாண்டும் எதையும், முதல் ஓரிரு ஆண்டுகள், ஸ்லாபில் மட்டும் வாங்குங்கள். மேண்டில், பேப் ரூத், ஜாக்கி ராபின்சன், பீட் ரோஸின் முதல் கார்டு இவற்றுக்கு விதிவிலக்கே வேண்டாம்.

ஸ்லாபின் மேல் இருக்கும் சான்று எண்ணை அந்த நிறுவனத்தின் தளத்தில் போட்டுப் பாருங்கள். அங்கே படம் இருந்தால் முனைகளையும் ஓர அகலத்தையும் உங்கள் கார்டோடு ஒப்பிடுங்கள். போலி ஸ்லாப்கள் உண்மையான சான்று எண்ணைத் திருடித்தான் வரும்; எண் பொருந்துவது மட்டும் போதாது.

பி.எஸ்.ஏ. சில சமயம் எண்ணுக்குப் பின்னால் எழுத்துகள் போடும். "ஓசி" படம் நடுவில் இல்லை, "எம்கே" பேனாக் குறி, "எஸ்டி" கறை. "ஓசி" போட்ட 8, சும்மா 8-ஐ விட வெகு மலிவு. எண் இல்லாமல் "அசலானது" என்று மட்டும் இருந்தால், பெரும்பாலும் ஓரம் சீவியதோ வேறு வகையில் கைவைத்ததோ ஆகும்.

போலியையும் மறுபதிப்பையும் எப்படிக் கண்டுபிடிப்பது?

அளவிலிருந்து தொடங்குங்கள். டாப்ஸ் 1952 முதல் 1956 வரை 2⅝ × 3¾ அங்குலம், அதாவது 66.7 × 95.3 மி.மீ. 1957 முதல் இன்று வரை 2½ × 3½ அங்குலம், 63.5 × 88.9 மி.மீ. டி206 வெறும் 36.5 × 66.7 மி.மீ. 1951 போமன் 52.4 × 79.4 மி.மீ. 1983-ல் டாப்ஸ் 1952 செட்டை மறுபதிப்பாக வெளியிட்டது. அது 2½ × 3½ அளவில் இருக்கும், பின்பக்கத்தில் மறுபதிப்பு என்றும் அச்சாகியிருக்கும். அந்தச் சொல்லைச் சுரண்டி எடுத்துவிட்டு விற்பவர்கள் உண்டு. அளவுகோல் வைத்தால் ஒரு நொடியில் மாட்டிக்கொள்வார்கள்.

அடுத்தது அச்சு. 10 முதல் 30 மடங்கு பெரிதாக்கும் நகைக்கடைக் கண்ணாடி வாங்குங்கள். 1950-களுக்குப் பிந்திய அசல் கார்டில் படம் நுண்புள்ளிகளால் ஆனது. ஆனால் வீரரின் பெயர், கறுப்புக் கோடு, பின்பக்க எழுத்து ஆகியவை புள்ளியில்லாத திட மை. ஓர் அசல் கார்டை ஸ்கேன் செய்து அடித்த போலியில் எழுத்தும் புள்ளியாகவே வரும், ஓரம் பிசிறடிக்கும். டி206-ல் அடியில் வரும் பெயரும் ஊரும் பழுப்புத் திட மையில் இருக்க வேண்டும்.

மூன்றாவது புற ஊதா விளக்கு. கள்ளநோட்டு பார்க்கக் கடைகளில் வைத்திருக்கும் டார்ச்சே போதும். தாளை வெள்ளையாகக் காட்டும் ஒளிர்பொருளைக் காகித ஆலைகள் பரவலாகக் கலக்கத் தொடங்கியது 1940-களின் பிற்பகுதிக்குப் பிறகுதான். 1909 அல்லது 1933 கார்டு என்று சொல்லப்படுவது இருட்டில் நீலவெள்ளையாகப் பளிச்சிட்டால் வாங்காதீர்கள். பளிச்சிடாதது அசல் என்று மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டாம். பழைய வெற்றுத்தாளில் அடிக்கும் போலிகளும் உண்டு.

நான்காவதுதான் எங்களுக்குப் பிடித்தது, அந்த 50 மலிவுக் கார்டுகளின் பயன் இங்கேதான். சந்தேகத்துக்குரிய கார்டையும் அதே செட்டின் சாதாரணக் கார்டு ஒன்றையும் ஒரே விளக்கின் முன் பிடியுங்கள். ஊடுருவும் வெளிச்சம் ஒரே அளவா? தடிமன் ஒன்றா? பின்பக்க நிறம் ஒன்றா? சுண்டினால் எழும் ஓசை ஒன்றா? பீட் ரோஸின் 1963 கார்டுக்கு 1980-களில் பெருமளவில் போலி கிளம்பியபோதும் சரி, இன்றும் சரி, அதே செட்டின் ஒரு கார்டைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதற்கு நிகரான சோதனை இல்லை.

மேசைக்கு எடுத்துப் போய்ப் பார்க்க முடியாத இணையப் படத்தில்? ஒரு கார்டுக்கு மட்டும் மங்கலான படம், "தாத்தாவின் பரணில் கிடைத்தது, எனக்கு ஒன்றும் தெரியாது" என்ற விவரணை, பின்பக்கப் படம் இல்லை, பணம் திரும்பாது. இந்த நான்கும் சேர்ந்தால் கடந்துபோய்விடுங்கள்.

"சீவிய" கார்டு என்றால்?

மழுங்கிய முனையைக் கூராக்க ஓரத்தைக் கத்தியால் மெலிதாக வெட்டிவிடுவது. அசல் கார்டுதான், ஆனால் கெட்டுப்போனது. உலகிலேயே பேர்போன டி206 வாக்னர் கார்டுக்கே இது நடந்தது. 1991-ல் பி.எஸ்.ஏ. முதன்முதலில் மதிப்பிட்ட கார்டு அது, 8 கொடுத்தார்கள். முன்பு அதை விற்றவர், தானே ஓரத்தைச் சீவியதாக 2013-ல் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார்.

கண்டுபிடிக்க: அதே செட்டின் நாலைந்து கார்டோடு அடுக்கி மேசையில் தட்டுங்கள். குட்டையாக இருப்பது உள்ளே போய்விடும். ஆனால் அந்தக் காலத்து ஆலையிலும் கார்டுகள் ஒரே அளவில் வெட்டப்படவில்லை, அரை மில்லிமீட்டர் குறைவதால் மட்டும் குற்றம் சாட்ட முடியாது. ஆகவே ஓரத்தையும் பாருங்கள். எழுபது ஆண்டு பழைய ஓரம் லேசாக மங்கி, நார் மென்மையாகி இருக்கும். மூன்று ஓரம் அப்படியிருந்து ஒன்று மட்டும் புத்தம் புதிதாக வெள்ளையாக நின்றால், அல்லது ஓரம் அலைபோல் வளைந்தால், சீவல். பரப்பெல்லாம் தேய்ந்து முனை மட்டும் ஊசியாக இருப்பதும் அதே கதைதான்.

வண்ணம் பூசுவது இன்னொரு மோசடி. 1971 டாப்ஸின் ஓரம் முழுக்கக் கறுப்பு. முனையில் சிறிது உரிந்தாலும் வெள்ளை பளிச்சென்று தெரியும் என்பதால் மார்க்கர் பேனாவால் தொட்டுவிடுகிறார்கள். கார்டைப் பக்கவாட்டில் திருப்பி அட்டையின் தடிமனைக் கண்ணாடியில் பாருங்கள். அச்சு மை மேல்பரப்பில் நிற்கும், மார்க்கர் மை நாருக்குள் இறங்கியிருக்கும். 1962-ன் மரப்பலகை ஓரத்துக்கும் இதே எச்சரிக்கை.

கறையை நீக்கலாமா? ஆல்பத்தில் ஒட்டியதைப் பிரிக்கலாமா?

அழிப்பான், ரசாயனம், ப்ளீச் எதுவும் வேண்டாம். முன்பக்கத்தில் படிந்த மெழுகை மட்டும் மெல்லிய நைலான் காலுறைத் துணியால் மிக லேசாகத் துடைக்கலாம்.

போருக்கு முந்திய கார்டுகளை அந்தக் காலத்தில் பசை போட்டு ஆல்பத்தில் ஒட்டினார்கள். அவற்றை வெறும் தண்ணீரில் ஊறவைத்துப் பிரிப்பதைப் பெரும்பாலான சேகரிப்பாளர்கள் தவறாகக் கருதுவதில்லை. காய்ச்சி வடித்த நீர், அறை வெப்பம். அரை மணி முதல் சில மணி நேரம் ஆகலாம். ஆல்பத் தாள் தானாகக் கழன்று வர வேண்டும். இழுத்தால் பின்பக்க அச்சும் கூடவே போகும். எஞ்சிய பசையை நீருக்குள்ளேயே விரல் நுனியால் நீவி விடுங்கள். இரண்டு மை ஒற்றுத்தாள்களுக்கு நடுவே வைத்து, மேலே கனமான புத்தகங்கள், தாளை மாற்றி மாற்றிச் சில நாள். அவசரப்பட்டு எடுத்தால் கார்டு வில்லாக வளையும். முதலில் மலிவான ஒன்றில் பழகுங்கள். இந்த முறையை வழவழப்பான பிற்காலக் கார்டுகளுக்குக் கொண்டுபோகாதீர்கள். பேனா மை இருந்தாலும் வேண்டாம், பரவிவிடும்.

சரியான விலை எப்படித் தெரியும்?

ஈபேயில் கேட்கும் விலையைப் பார்க்காதீர்கள், விற்றுமுடிந்தவற்றை மட்டும் வடிகட்டிப் பாருங்கள். அதே கார்டு, அதே எண் மதிப்பீடு, கடைசி ஐந்தாறு விற்பனை. மிகக் கூடியதையும் மிகக் குறைந்ததையும் தள்ளிவிட்டு மீதியின் நடுவில் நில்லுங்கள். பேரம் பேசி முடிந்த விற்பனையில் ஈபே முதல் விலையையே காட்டும். உண்மையில் கைமாறிய தொகை 130பாயின்ட் என்ற தளத்தில் தெரியும்.

ஏல நிறுவனங்களில் சுத்தி விழும் விலைக்கு மேல் வாங்குபவர் கட்டணம் ஒன்று சேரும், பெரும்பாலும் 20 சதவீதம் அளவில். 500 டாலர் வரை போகலாம் என்று முடிவு செய்தால் உங்கள் கேட்பு 415-ல் நிற்க வேண்டும்.

சாதாரணக் கார்டுகளுக்கு நேரில் நடக்கும் கண்காட்சிகள்தான் சிறந்தவை. 1980 முதல் அமெரிக்காவில் தேசிய விளையாட்டுச் சேகரிப்பாளர் மாநாடு நடந்துவருகிறது; அதைவிடச் சிறிய ஊர்க் கண்காட்சிகளும் ஏராளம். வேண்டிய எண்களின் பட்டியலைக் கையில் எடுத்துப் போய், ஒரே வியாபாரியிடம் 25, 30 கார்டைப் பொறுக்கி ஒன்றாக வைத்து மொத்த விலை கேளுங்கள். தனித்தனியாகக் கேட்டால் கிடைக்காத தள்ளுபடி அப்போது கிடைக்கும்.

எப்படிப் பாதுகாப்பது?

பி.வி.சி. பிளாஸ்டிக்கைத் தொடாதீர்கள். காலப்போக்கில் எண்ணெய் கசிந்து அச்சு மையைப் பெயர்த்துவிடும். மணம் வீசும், பிசுபிசுக்கும் பழைய ஆல்பத்தில் கார்டு இருந்தால் இன்றே எடுத்துவிடுங்கள். பாலிப்ரோப்பிலீன் உறைகளே சரி.

முதலில் மெல்லிய உறை (பென்னி ஸ்லீவ்), பிறகு கெட்டியான டாப்லோடர். உறையின்றி டாப்லோடரில் தள்ளினால் முனை போகும். வழக்கமான டாப்லோடர் 1957-க்குப் பிந்தியவற்றுக்குத்தான். 1952–56 டாப்ஸுக்குப் பெரிய அளவு, டி206-க்குச் சிறிய அளவு என்று கேட்டு வாங்குங்கள். செட்டை ஃபைலில் அடுக்கினால் 1957-க்குப் பிந்தியவற்றுக்கு 9 அறை கொண்ட பக்கம், 1952–56-க்கு 8 அறை கொண்ட பக்கம். வளையம் "டி" வடிவில் இருக்கட்டும். வட்ட வளையம் முதல் பக்கக் கார்டுகளை நெளித்துவிடும்.

நான்கு திருகு போட்டு இறுக்கும் பழைய கண்ணாடிச் சட்டங்களைத் தவிருங்கள். கார்டு நசுங்கி அளவே மாறும், மதிப்பீட்டு நிறுவனங்கள் நிராகரிக்கும். ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதம், வெயில் படாத அலமாரி. பரணும் நிலவறையும் ஆகாது.

தபாலில் அனுப்பவோ வரவழைக்கவோ?

உறை, டாப்லோடர், வாயை அடைக்க எளிதில் உரியும் பெயின்டர் டேப். செலோ டேப் போட்டால் பிரிக்கும்போது டாப்லோடருக்குள் பசை இறங்கும். இரண்டு அட்டைத் துண்டுகளுக்கு நடுவே வைத்துக் குமிழ் உறையில் போடுங்கள். மதிப்பீட்டுக்கு அனுப்பும்போது டாப்லோடர் வேண்டாம். சற்று வளையும் கார்டு சேவர் உறையைத்தான் அந்த நிறுவனங்கள் கேட்கின்றன.

வாங்காமல் அசல் கார்டுகளைப் பார்க்க முடியுமா?

பர்டிக் தன் சேகரிப்பை நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் கலை அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார். அதில் பேஸ்பால் கார்டுகள் மட்டுமே 30,000-க்கு மேல். அருங்காட்சியகம் சுழற்சி முறையில் சிலவற்றைக் காட்சிக்கு வைக்கும். நிறையப் படங்கள் இணையத்திலும் உண்டு. கூப்பர்ஸ்டவுன் நகரின் பேஸ்பால் புகழ் மண்டபத்திலும் பார்க்கலாம்.

முதலீடாகப் பார்க்கலாமா?

முதல் நாளிலிருந்தே அப்படிப் பார்த்தால் விலை ஏறும்போது அவசரமாக வாங்குவீர்கள், இறங்கும்போது அவசரமாக விற்பீர்கள். 2020, 2021-ல் அவசரப்பட்டு வாங்கிய பலர் அடுத்த ஆண்டுகளில் குறைந்த விலைக்கு விற்றார்கள். ஈபே கட்டணம், தபால், வரி எல்லாம் போக, வாங்கிய விலையை மீட்கவே கார்டின் விலை கணிசமாக ஏற வேண்டும். இழந்தாலும் வீட்டுச் செலவு பாதிக்காத பணத்தைப் போடுங்கள்.

கணக்கு வைத்துக்கொள்ள வேண்டுமா?

முதல் கார்டிலிருந்தே. ஆண்டு, எண், வீரர், உங்கள் கண்ணுக்குத் தெரிந்த நிலை, குறை எங்கே இருக்கிறது, விலை, தபால் செலவு, யாரிடம், எந்தத் தேதி. முன்னும் பின்னும் ஸ்கேன் எடுத்து வையுங்கள். ஒரே எண்ணை இரண்டு முறை வாங்குவது அதனால்தான் குறையும். காப்பீடு எடுக்கவும் அதைத்தான் கேட்பார்கள். நூறு கார்டைத் தாண்டியதும், தேவையில்லாத இரட்டைகளை ஓர் உறையில் தனியாக வையுங்கள். அடுத்த கண்காட்சியில் உங்களுக்கு வேண்டிய எண்ணுக்கு மாற்றிக்கொள்ள அவை உதவும்.